சட்டம் என்னை 'அவள்' என்கிறது

சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்தச் சின்னக் கடையில் முடிந்துவிடும். ஜூன் மாதம் வந்தால், கல்லூரியில் சேரப்போகும் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கடை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்பார்கள். பக்கத்துத் தெரு அக்காவும் அவருடைய மகளும் வருமானச் சான்றிதழுக்காகப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன்.

கணினித் திரை கடைக்காரத் தம்பியின் பக்கம் திரும்பியிருந்தது. பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், அப்பாவின் வேலை, வீட்டு முகவரி என்று அவர் கேட்கக் கேட்க, வரிசையில் நின்றவர்கள் காதுபடவே அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. 'மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்து ஏற்கிறேன்' என்பதுபோல ஏதோ இருந்திருக்கும். தம்பி அதில் டிக் போட்டுவிட்டு, "ஓ.டி.பி. வந்திருக்கும் பாரும்மா, சத்தமா சொல்லு" என்றார். அவள் சத்தமாகச் சொன்னாள். ஒப்புதல் முடிந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து 'ஹாய்' வந்தது. அனுப்பியவனுக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது, சேரப்போகும் கல்லூரியும் தெரிந்திருந்தது. எண் எங்கிருந்து போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கடையிலிருந்தா, அவள் பதிந்த ஏதாவது கல்வித் தளத்திலிருந்தா, ரீசார்ஜ் செய்த இடத்திலிருந்தா? கசிந்த இடம் தெரியாவிட்டாலும் தண்டனை யாருக்கு என்பதில் வீட்டில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. அவள் கையிலிருந்த போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

வலைத்தளங்களின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும் 'தனியுரிமைக் கொள்கை' பற்றி ஒரு பெண்ணியக் கட்டுரை எதற்கு என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் போனைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

மூன்று சொற்கள்

நம் மொழியில் இதற்கு வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். 'அந்தரங்கம்' என்பது பழகிய சொல். ஆனால் பெண்ணோடு சேர்ந்து வரும்போது அது கூச்சத்தையும் கிசுகிசுப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தரங்க உறுப்பு, அந்தரங்கக் கேள்வி பதில், நடிகையின் அந்தரங்கம் என்றெல்லாம் வாசித்து வளர்ந்தவர்கள் நாம். மறைக்க வேண்டியது என்ற பொருள் அதில் இருக்கிறது, உரிமை என்ற பொருள் இல்லை. 'தனியுரிமை' பின்னால் செய்யப்பட்ட சொல். அதில் உரிமை இருக்கிறது, ஆனால் அதை இன்னும் யாரும் வீட்டுக்குள் பேசுவதில்லை. "என் தனியுரிமையில் தலையிடாதே" என்று எந்த மகளும் அம்மாவிடம் தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை.

'கொள்கை' என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு கனம் உண்டு. கொள்கைக்காகப் பதவியை விட்டவர்கள், சிறை போனவர்கள் என்று பேசுகிற ஊர் இது. வலைத்தளங்களின் கொள்கையோ, 'இதை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிற பொருளில் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறது.

மூன்றாவது சொல் 'சம்மதம்'. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பதைப் பெண் பார்க்கும் சடங்கில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தலையைக் குனிந்து நின்றால் சம்மதம், காபித் தட்டை நீட்டினால் சம்மதம். முன்கூட்டியே டிக் போடப்பட்ட கட்டம் அந்த மௌனத்தின் கணினி வடிவம். 'இத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூடமும் சமுக்காளமும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஒருமுறை சொன்ன 'சரி' என்றைக்கும் செல்லும், திரும்பப் பெற முடியாது, எதற்குச் 'சரி' சொன்னோம் என்பதை எதிர்த்தரப்பே முடிவு செய்யும் என்கிற ஒப்பந்தம் நமக்குப் புதிதல்ல. திருமணம் என்ற பெயரில் அதைப் பார்த்திருக்கிறோம்.

பெண்ணியத்தின் பழைய சந்தேகம்

தனியுரிமை என்றதும் பெண்ணியம் உடனே கை தட்டிவிடவில்லை. அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. 'வீட்டு விவகாரம்' என்ற பெயரில் அடி, உதை, வன்புணர்ச்சி எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்ட உதவியது இந்தக் கருத்துதான். அமெரிக்கச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கினன் 1980களில் இதைக் கடுமையாகக் கேட்டார்: அரசு தலையிடாத தனியிடம் என்பது, அந்த இடத்தில் ஏற்கெனவே அதிகாரம் உள்ளவருக்குத்தானே வசதி?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. தமிழ்த் திரையில் நன்கு அறிமுகமான நடிகை சரிதாவைச் சேர்ந்து வாழ வரும்படி கட்டளையிடக் கோரி அவர் கணவர் இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்தார். 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி அந்தப் பிரிவையே செல்லாது என்றார். விருப்பமில்லாத பெண்ணை நீதிமன்ற ஆணையால் ஒருவனோடு வாழ வைப்பது அவள் உடல்மீது அவளுக்குள்ள தனியுரிமையைப் பறிப்பதாகும் என்பது அவர் வாதம். அதே ஆண்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதற்கு நேர் எதிராகத் தீர்ப்பளித்தது: அரசமைப்புச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்றது. 1984இல் உச்ச நீதிமன்றமும் 9ஆம் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

இரண்டு உயர் நீதிமன்றங்களும் ஒரே பிரச்சினையைத்தான் பார்த்தன. ஒருவருக்குத் தனியுரிமை பெண்ணின் உடலில் இருந்தது, இன்னொருவருக்குக் குடும்பத்தின் கதவில் இருந்தது. நமக்கு வேண்டியது முதலாவது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகச் சொன்னபோது, நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு இந்தப் பெண்ணிய விமர்சனத்தையும் எடுத்துப் பேசியது. பெண்களுக்கு எதிரான வன்முறையை மூடி மறைக்கும் திரையாகத் தனியுரிமை பயன்படக் கூடாது என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆனால் திருமணத்துக்குள் நடக்கும் வன்புணர்ச்சிக்கான விதிவிலக்கு புதிய நியாய சம்ஹிதையிலும் அப்படியே நீடிக்கிறது. கதவின் தனியுரிமை இன்னும் போகவில்லை.

கொள்கையை ஒரு பிரதியாக வாசித்தல்

இந்தப் பின்னணியோடு ஒரு வலைத்தளத்தின் கொள்கையைக் கதையை வாசிப்பதுபோல வாசித்துப் பாருங்கள். முதல் வரியில் அன்பு பொங்கும். உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம் என்று தொடங்காத கொள்கை அபூர்வம். இரண்டாம் பகுதியில் பட்டியல் வரும்: பெயர், எண், இருப்பிடம், தொடர்புப் பட்டியல், கேமரா. மூன்றாம் பகுதியில் காரணம்: 'சேவையை மேம்படுத்துவதற்காக'. எந்தச் சேவை, யாருக்கு மேம்பாடு என்று இருக்காது. நான்காவது பகுதிதான் முக்கியம். 'நம்பகமான மூன்றாம் தரப்பினருடன் பகிரலாம்' என்று ஒரு வரி ஓரமாக நின்றுகொண்டிருக்கும். கதையின் வில்லன் அங்கேதான் நுழைகிறான், பெயர்கூடச் சொல்லாமல்.

யாரும் படிப்பதில்லையே என்று நம்மைக் குறை சொல்வது எளிது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலீசியா மெக்டொனால்டும் லாரி கிரேனரும் 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் அமெரிக்கர் தான் பார்க்கும் தளங்களின் கொள்கைகளை எல்லாம் படிக்க ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்றது அது. திறன்பேசிச் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு இது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து, ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த 200 மணி நேரத்தை யார் தருவார்கள்? ஆங்கிலத்தில் இருக்கும் அதைத் தமிழில் யார் சொல்வார்கள்?

படித்தாலும் பயனில்லாமல் போன கதைகள் உண்டு. மாதவிடாய் நாட்களைக் குறித்து வைக்கும் செயலிகளை 2019இல் லண்டனைச் சேர்ந்த பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் 'மாயா' என்ற இந்தியச் செயலியும் ஒன்று. பயனர் கொள்கையை ஏற்பதற்கு முன்பே, செயலியைத் திறந்தவுடனேயே, அது ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பத் தொடங்கியது என்று அந்த அறிக்கை காட்டியது. வலி, மனநிலை, உடலுறவு பற்றிப் பெண்கள் குறித்தவையும் அப்படிப் போயின. உலக அளவில் 10 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்திய 'ஃப்ளோ' செயலி, உடல்நலத் தகவலை யாருக்கும் தர மாட்டோம் என்று தன் கொள்கையில் சொல்லிவிட்டுத் தந்தது என்பது 2021இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதே ஃப்ளோ விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நடுவர் குழு ஒன்று மெட்டா நிறுவனத்துக்கு எதிராக முடிவு சொன்னது.

இதைச் சொன்னால் சிலர், 'என் பீரியட்ஸ் தேதி தெரிந்து யார் என்ன செய்யப் போகிறார்கள்' என்று சிரிக்கிறார்கள். நாள் தள்ளிப்போனதை அம்மாவிடம் சொல்லும் முன்பே விளம்பரக்காரனிடம் சொல்லிவிட்டோம் என்பதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது அங்குள்ள பெண்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, இத்தகைய செயலிகளை அழித்ததுதான். நேற்றுவரை வெறும் குறிப்பாக இருந்தது, சட்டம் மாறிய மறுநாள் சாட்சியமாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

செயலியே இல்லாத பெண்ணுக்கும் இது பொருந்தும். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் எண்கள் விற்கப்படுவதை இந்துஸ்தான் டைம்ஸ் வெளியிட்டது. ஓர் எண்ணின் விலை 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. பெண்ணின் தோற்றத்தைப் பொறுத்து விலை ஏறுமாம். மெட்டாவும் மூலைக்கடையும் செய்த வியாபாரத்தில் அளவுதான் வேறு.

கதவுக்கு வெளியே நிற்பவள்

கொள்கை என்ற பிரதியின் மிகப் பெரிய ஓட்டை 2024 டிசம்பரில் நம் ஊரிலேயே தெரிந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாள விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை, காவல் துறையின் தளத்தில் யாரும் எடுக்கும்படி கிடந்தது. பாலியல் குற்றங்களின் அறிக்கைகளைத் தளத்தில் ஏற்றக் கூடாது என்பது 2016இலிருந்தே உச்ச நீதிமன்ற உத்தரவு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குகிறது என்றும் கண்டித்தது.

இன்னொரு தமிழ்நாட்டு வழக்கையும் இங்கே நினைக்க வேண்டும். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அரசு ஆவணத்தில் பதிவாகிவிட்ட செய்தியை யாரும் வெளியிடலாம் என்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரை அப்படியும் வெளியிடக் கூடாது. முப்பது ஆண்டு கழித்து அரசின் தளமே அந்த விலக்கை மீறியது.

அந்த மாணவி எந்தத் தளத்திலும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தவில்லை. தனியுரிமைக் கொள்கை, தளத்துக்கு வருகிறவரை நோக்கி எழுதப்படுகிறது. உங்கள் வருகையைப் பதிவு செய்யமாட்டோம், உங்கள் பெயரைக் கேட்கமாட்டோம் என்று அவருக்கு வாக்களிக்கிறது. தளத்தின் உள்ளே யாருடைய கதை கோப்பாகக் கிடக்கிறதோ, அந்தப் பெண்ணிடம் அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அறிக்கையைப் பார்த்தவரின் தனியுரிமைக்கு உத்தரவாதம் இருந்தது, பார்க்கப்பட்டவளுக்கு இல்லை. நாளைக்குப் புகார் கொடுக்கலாமா என்று யோசிக்கும் பெண் இதை நினைத்துப் பார்ப்பாள், நிச்சயமாக.

'அவள்' யார்?

2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு புதுமை உண்டு. நம் சட்டங்கள் வழக்கமாக மனிதரை 'அவன்' என்று எழுதிவிட்டு, இதில் பெண்ணும் அடக்கம் என்று சொல்லும். இந்தச் சட்டம் 'அவள்' என்றே எழுதுகிறது, எல்லாப் பாலினத்தவரும் அதில் அடக்கம் என்கிறது. முதலில் வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. நல்ல பகுதிகளும் உண்டு. ஒப்புதல் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விவரம் தெரிந்து தந்ததாக இருக்க வேண்டும். கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். தொலைமருத்துவச் செயலி ஒன்று ஒரு பெண்ணின் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, அவளும் 'சரி' சொல்லிவிட்டால்கூட, சிகிச்சைக்குத் தேவையற்ற அந்தப் பகுதிக்கு ஒப்புதல் செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமையும் இருக்கிறது, ஏனெனில் அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதைத் தர வேண்டும்.

பிறகு அந்த 'அவள்' யார் என்று தேடினேன். தனக்கென ஒரு போன், தனக்கென ஓர் எண், படிக்க நேரம், மறுக்கத் துணிச்சல் உள்ளவள் அவள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் சுமார் 54 விழுக்காடுதான். மற்றவர்களின் ஓ.டி.பி. கணவனுக்கோ மகனுக்கோ போகிறது. அவள் எந்த மருத்துவரைப் பார்த்தாள், எவ்வளவு பணம் எடுத்தாள் என்பதை அவன் முதலில் வாசிக்கிறான். ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று கருதும் கொள்கை, வீட்டுக்குள் இருக்கும் மூன்றாம் தரப்பைப் பார்க்கவே இல்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தை என்பதால், பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். சிலவகை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் பொதுவிதி அதுதான். வீட்டில் நடக்கும் வன்முறைக்கு உதவி தேடும் பதினேழு வயதுப் பெண் யாரிடம் அனுமதி வாங்குவாள்? மானியமும் உதவித்தொகையும் தரும் அரசு தனி ஒப்புதல் கேட்காமலே தரவைப் பயன்படுத்த வழி இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் ஆதார், வங்கிக் கணக்கு, மின் கட்டணம், வருமானம் எல்லாவற்றையும் அரசிடம் கொடுத்திருக்கும் மாநிலம் இது. அந்த ஆயிரம் ரூபாயின் அருமை எனக்குத் தெரியும். அதனாலேயே அந்தக் கோப்பின் பூட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்கிறேன். மத்திய அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு தரலாம்.

பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிய தொகை. அது அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவளுக்கு இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்குகிறது. அற்பமான புகார் என்று முடிவானால் அவளுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். எந்தப் புகாரை அற்பம் என்று ஒதுக்குவார்கள் என்பது காவல் நிலையத்துக்குப் போன பெண்களுக்குத் தெரியும். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். 'அவள்' என்ற சொல் வந்துவிட்டது, அவளுடைய வாழ்க்கை இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை.

நாம் என்ன கேட்கலாம்

ஆகவே கொள்கைகளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுவதையும் படிக்க முடியாதபோது மூன்று இடங்களை மட்டும் தேடுங்கள்: யாரோடு பகிர்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அழிக்கச் சொல்ல எங்கே எழுத வேண்டும். மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் அந்தச் செயலிக்கு உங்கள் மாதவிடாய் தேதி தேவையில்லை, நாட்காட்டியில் பென்சில் புள்ளி போதும். தமிழில் அறிவிப்புக் கேளுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள், உங்கள் மதிப்பெண் பட்டியலும் செல்பேசி எண்ணும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறதா என்று பாருங்கள். உங்கள் நிர்வாகத்திடமே முதல் கேள்வியைக் கேளுங்கள். ஆனால் தனியாகப் படித்துத் தப்பிப்பதால் மட்டும் இது தீராது. ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது, இருட்டிய பிறகு வெளியே போகாதே என்பதன் மறுபதிப்பு. இழப்பீடும், அரசுக்கும் பொருந்தும் கடமையும் சட்டத்தில் வேண்டும். அதைக் கேட்பது பெண்கள் அமைப்புகளின் வேலைப் பட்டியலில் சேர வேண்டும்.

பக்கத்துப் பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் சிலர் நாளை அங்கே உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய தரவைக் கையாளும் நிரல் எழுதக்கூடும். அந்தப் பெண்ணும் அப்படிப் போகலாம், கணினி அறிவியல்தான் எடுத்திருக்கிறாள். போன் திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. புது எண், அப்பா பெயரில்.

போன மாதம் உதவித்தொகை விஷயமாக மறுபடி அதே கடைக்குப் போனோம். டிக் போடும் கட்டம் வந்ததும் அவள், "அண்ணா, ஒரு நிமிஷம், திரையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள். அவர் திருப்பினார். பின்னால் நின்ற ஒருவர் "சீக்கிரம்மா" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை அவள் விரல் வைத்து வாசித்தாள், புரியாத இடத்தில் என்னைக் கேட்டாள், எனக்கும் புரியாத இரண்டு வரிகள் இருந்தன. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு மவுஸை வாங்கி அவளே அழுத்தினாள். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போயிற்று. அவர் எடுக்கும்வரை காத்திருந்தோம்.